யவன வீரனும் நம் அசுவத்தாமனும்

சேலம் நகரத்தை விட்டு வடக்கே புறப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்தும் மேலே சென்றால், 5,326 அடி உயரத்தில் ஒரு பெரிய புல்வெளி விரிந்து கிடக்கிறது. அங்கே இருப்பதுதான் சேர்வராயன் கோயில். வானளாவிய கோபுரமோ, ஆயிரங்கால் மண்டபமோ அங்கே கிடையாது. தலை குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகை. அதற்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து கூடுகிறார்கள்.

காவேரி இங்கே எப்படி வந்தாள்? ஆறு ஓடுவதோ கீழே, வெகு தொலைவில். அந்தக் குகை உள்ளே நீண்டு சென்று காவேரி நதியோடு சேருகிறது என்பது அந்த மக்களின் நம்பிக்கை. பூகோள உபாத்தியாயர் இதைக் கேட்டால் பிரம்பை எடுப்பார். ஆனால் கலையை அறிந்தவர்கள் எடுக்க மாட்டார்கள். தொலைவில் இருக்கும் ஒரு பெருமையைத் தங்கள் குகைக்குள் அழைத்து, தங்கள் தெய்வத்தின் பக்கத்தில் குடிவைத்துக் கொள்வது சாமானிய மனிதர்களுக்கு வாய்த்திருக்கும் ஓர் அரிய வித்தை. நாடக மேடையில் அந்த வித்தைக்குத் தழுவல் என்று பெயர்.

அந்த மலையின் அடிவாரத்திலேயே இந்த வித்தை வெகு விமரிசையாக நடந்திருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் ஸ்ரீ டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனி, 1940-இல் ‘உத்தம புத்திரன்’ என்ற படத்தை வெளியிட்டது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்ட அந்தக் கதை, அலெக்ஸாண்டர் தூமா என்ற பிரெஞ்சு ஆசிரியரின் கதையிலிருந்து வந்தது. பார்த்த ஜனங்களில் எத்தனை பேருக்குத் தூமாவைத் தெரியும்? தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதற்கும் முன்பே, 1891-இல் சென்னையில் சுகுண விலாஸ சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். வெனிஸ் வர்த்தகனை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார். டென்மார்க்கு தேசத்து இளவரசன் தமிழ் வசனம் பேசிக் கைதட்டல் வாங்கினான்.

ஆனால் ஷேக்ஸ்பியருக்கு இரண்டாயிரம் வருஷம் மூத்த உறவினர்களாகிய கிரேக்க நாடகாசிரியர்களுக்கு நம் மேடையில் அப்படிப்பட்ட வரவேற்பு கிடைக்கவில்லை. இது நியாயந்தானா என்பதைப் பற்றியே இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

கிரேக்கர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். நம் சங்கப் புலவர்கள் அவர்களை யவனர் என்று அழைத்தார்கள். யவனரின் மரக்கலங்கள் முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. யவனர் கொண்டு வந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதைப் புறநானூறு சொல்கிறது. மதுவும் மிளகும் மட்டுமல்ல, நாடகமும் அந்தக் கடல் வழியில் சம்பந்தப்பட்டிருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

எகிப்து தேசத்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய நகரத்தின் குப்பை மேடுகளைத் தோண்டியபோது ஆயிரக்கணக்கான பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. கிரென்பெல், ஹண்ட் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் அவற்றை வெளியிட்டு வந்தார்கள். 1903-இல் வெளியான ஏடுகளில் 413 என்று இலக்கமிட்ட ஒன்று, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கிரேக்கக் கேலி நாடகம். அதன் கதாநாயகி காரிடியோன் என்ற கிரேக்கப் பெண். கதை நடக்கும் இடமோ இந்தியக் கடற்கரை! ஒரு தேவியின் கோயிலில் அவள் சிறைப்பட்டுக் கிடக்கிறாள். அவளுடைய சகோதரன் ஒரு விதூஷகனோடு கப்பலேறி வருகிறான். நம் கடற்கரை ராஜாவுக்கும் அவன் பரிவாரத்துக்கும் தண்ணீர் கலக்காத மதுவை ஊற்றிக் கொடுத்து, அவர்கள் மயங்கியதும் அவளை மீட்டுக்கொண்டு போய்விடுகிறான். விதூஷகனும் தன் பங்குக்குச் சில அஸ்திரங்களைப் பிரயோகிக்கிறான். குடும்பங்களில் படிக்கும் பத்திரிகையில் அவற்றை விவரிப்பதற்கில்லை.

இந்தக் கேலிக் கூத்துக்கு மூலம் யூரிப்பிடீஸ் எழுதிய இபிஜீனியாவின் கதை. காட்டு ஜனங்களின் நாட்டில், வரும் அந்நியரைப் பலியிடும் கோயிலில் பூசாரிணியாகச் சிக்கிக்கொண்ட தமக்கையைத் தம்பி வந்து மீட்கும் கதை அது. யாரோ ஒரு யவனக் கலைஞன் அதைக் கருங்கடற் கரையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து இந்தியக் கடற்கரையில் நட்டுவிட்டான். ஆகவே கிரேக்கப் புராணத்தை இந்தியாவோடு இணைத்த மேடைத் தழுவல் ஏறக்குறைய பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது!

அந்த நாடகத்தில் நம்மவர்கள் தங்கள் சொந்தப் பாஷையில் பேசுகிறார்கள். அந்தச் சொற்கள் கிரேக்க எழுத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. நம் தென்னிந்தியக் கல்வெட்டுக்களை ஆராய்ந்து பதிப்பித்த அறிஞர் ஹுல்ஷ், அவை கன்னடமாக இருக்கலாம் என்று 1904-இல் எழுதினார். மைசூர் அறிஞர் ஷாமசாஸ்திரி அதை ஆதரித்தார்; லண்டன் அறிஞர் பார்னெட் 1926-இல் மறுத்தார். அறிஞர்கள் இன்று வரை ஒருமுகப்படவில்லை. எந்தப் பாஷையானாலும், அந்த மேடையில் அது எதற்குப் பயன்பட்டது என்பதில் சந்தேகமில்லை. சிரிப்பதற்குப் பயன்பட்டது. புரியாத சத்தம், குடித்து ஆடும் ராஜா, கொட்டும் மேளம்—நாம் அவர்களுக்கு வேடிக்கைப் பொருளாக இருந்தோம்.

இதற்காக யவனர் மேல் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் கூத்துக்களிலும் அயல் பாஷைக்காரனைக் கேலி செய்யும் விகடம் உண்டு. தழுவல்களில் ஒரு வகை இது. சொந்தக் கதையை அயல் நாட்டுக்குக் கொண்டுபோவது. ஆனால் அயலானின் உள்ளத்தைத் தொடாமல் அவனுடைய சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. மற்றொரு வகையும் உண்டு. அயலானின் கதையைச் சொந்த நாட்டுக்குக் கொண்டு வந்து, அவனுடைய துக்கத்தை நம் துக்கமாக்கிக் கொள்வது. அந்த இரண்டாம் வகையைச் செய்து காட்டினவர் காவேரிக் கரையில் வளர்ந்த ஒரு கன்னடப் பேராசிரியர்.

பி. எம். ஸ்ரீகண்டையா 1884-இல் பிறந்தார். காவேரி இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்டிருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இளமைக் கல்வி பெற்றார். மைசூர் சர்வகலாசாலையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். அந்நாளில் ஆங்கிலம் படித்தவர்கள் தாய்மொழியில் ஒரு கடிதம் எழுதுவதையும் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். இவரோ 1911-இலேயே தார்வாரில் கன்னடம் தலை நிமிர வேண்டிய வழியைப் பற்றிப் பேசினார். ஆங்கிலக் கவிதைகளைக் கன்னடமாக்கி ஒரு தலைமுறைக்கே புது வழி காட்டினார். அந்நிய ராஜ்யத்தில் அந்நியக் கல்வியைக் கற்று, அதை அப்படியே தாய்மொழியின் காலடியில் சேர்த்தவர் அவர். தேசபக்தியில் இதுவும் ஒரு வகை என்றே நாம் கருதுகிறோம்.

அவர் 1929-இல் ‘அசுவத்தாமன்’ என்ற நாடகத்தை வெளியிட்டார். பெயர் மகாபாரதத்தினுடையது, எலும்புக்கூடு ஸோபக்ளீஸ் எழுதிய ‘அயாக்ஸ்’ என்ற கிரேக்க நாடகத்தினுடையது.

அயாக்ஸின் கதையை நேயர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். திராய் நகர யுத்தத்தில் அக்கிலீஸ் மாண்டதும், அவனுடைய ஆயுதங்கள் யாருக்கு என்ற வழக்கு எழுகிறது. அடுத்த பெரிய வீரன் அயாக்ஸ். ஆனால் ஆயுதங்கள் நாவன்மை மிக்க ஒடிஸியூஸுக்குப் போய்ச் சேருகின்றன. மானம் பறிபோன அயாக்ஸ், சேனைத் தலைவர்களைத் தூக்கத்திலேயே வெட்டிப்போட நள்ளிரவில் வாளுடன் கிளம்புகிறான். ஆதீனா தேவி அவன் அறிவைக் கலக்கிவிடுகிறாள். பகைவர் என்று நினைத்து ஆடுமாடுகளை வெட்டித் தள்ளுகிறான். பொழுது விடிந்து தெளிவு வருகிறது. உலகம் சிரிக்கும். மனைவி மன்றாடுகிறாள், பச்சைக் குழந்தை நிற்கிறது. ஆயினும், பகைவன் ஹெக்டர் முன்பு பரிசாகக் கொடுத்த வாளின் மேலேயே விழுந்து உயிரை விடுகிறான். பிறகு ஒரு தர்க்கம். துரோகியின் பிணத்தைக் காக்கைக்குப் போடுங்கள் என்கிறார்கள் தலைவர்கள். அவனை அடக்கம் செய்ய வேண்டும் என்று வாதாடி வெற்றி பெறுகிறவன் யார் தெரியுமா? அவனுடைய பரம விரோதியாகிய ஒடிஸியூஸ்தான்.

இந்த வீரனுக்கு நம் இதிகாசத்தில் உறவினன் உண்டா என்று தேடிய ஸ்ரீகண்டையாவின் கண் சௌப்திக பர்வத்தில் விழுந்தது. அங்கேயும் நள்ளிரவு, அங்கேயும் தூங்கும் பாசறை, அங்கேயும் அவமானத்தால் வெந்த ஒரு மாவீரன். தந்தை துரோணரைச் சூழ்ச்சியால் கொன்றார்கள். தலைவன் துரியோதனனைத் தொடையில் அடித்து வீழ்த்தினார்கள். சிவபெருமானிடம் வாள் பெற்று அசுவத்தாமன் பாண்டவர் பாசறைக்குள் நுழைகிறான். திருஷ்டத்யும்னனையும் திரௌபதியின் ஐந்து குமாரர்களையும் கொன்று தீர்க்கிறான்.

இந்தத் தேர்வில் இருக்கும் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அயாக்ஸ் என்ற பெயரைச் சொன்னதும் ஆதென்ஸ் நகரத்து ஜனங்களுக்கு மெய் சிலிர்த்திருக்கும். அவன் அவர்களுக்கு வெறும் கதாபாத்திரம் அல்லன். அவன் பெயரால் அந்நகரத்தில் ஒரு குலப் பிரிவே இருந்தது. சலாமிஸ் தீவில் அவனுக்குத் திருவிழா எடுத்தார்கள். அதாவது, நம் சேர்வராயனைப் போல, அவன் அந்த மண்ணின் சாமி. அந்தச் சிலிர்ப்பை மைசூரில் உண்டாக்க அயாக்ஸ் என்ற பெயரால் முடியாது. அசுவத்தாமன் என்ற பெயரால் முடியும். வார்த்தைகளை மட்டும் மொழிபெயர்த்தால் கதைதான் வந்து சேரும். சிலிர்ப்பு அங்கேயே தங்கிவிடும்.

இதே ஸ்ரீகண்டையா, 1935-இல் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்’ நாடகத்தை வெளியிட்டபோது இப்படிச் செய்யவில்லை. பாரசீகர்களைப் பாரசீகர்களாகவே விட்டுவிட்டார். ஏனெனில் அது புராணம் அன்று, சரித்திரம். சலாமிஸ் கடற்போரில் தோற்ற ஜாதியின் அழுகையை, வென்ற ஜாதியின் முன்னே நடித்துக் காட்டிய நாடகம் அது. எதை மொழிபெயர்ப்பது, எதைத் தழுவுவது என்ற விவேகம் அவரிடம் இருந்தது.

ஆனால் அசுவத்தாமனில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. நம் மரபுப்படி அசுவத்தாமன் சிரஞ்சீவி. ஏழு சிரஞ்சீவிகளில் ஒருவனாக நம் பாட்டிமார்கள் காலையில் அவன் பெயரைச் சொல்வார்கள். அயாக்ஸோ வாளின் மேல் விழுந்து சாக வேண்டியவன். ஸோபக்ளீஸைக் கைவிடுவதா, புராணத்தைக் கைவிடுவதா? ஸ்ரீகண்டையா புராணத்தைக் கைவிட்டார். அவருடைய அசுவத்தாமன் இறக்கிறான்.

சாகாவரம் பெற்றவனைச் சாகடிக்கலாமா என்று ஆட்சேபிப்பவர்களை நாம் பழமைப் பித்தர்கள் என்று ஒதுக்க மாட்டோம். அது நியாயமான கேள்வி. ஒருவருடைய தெய்வத்தின் கதையை மாற்றுகிறவன் அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். ஸ்ரீகண்டையாவின் கணக்கு அவர் நாடகத்தில் இருக்கிறது. மானம் போனபின் உயிர் தரியாத வீரன் எப்படி இருப்பான் என்பதைக் கன்னட ஜனங்கள் தங்கள் பாஷையில், தங்கள் வீரனிடத்தில் காண வேண்டும் என்பதே அது. அதற்காக அவர் கொடுத்த விலை சிரஞ்சீவித்துவம். எந்தத் தழுவலிலும் ஏதேனும் ஓரிடத்தில் துணி கிழிந்தே தீரும். எங்கே கிழிகிறது என்று தெரிந்து தைப்பவனே நல்ல தையற்காரன்.

பின்னாளில் வேறு வழியில் சென்றவர்களும் உண்டு. கல்கத்தாவில் சம்பு மித்ரா 1964-இல் ‘ராஜா ஈடிப்பஸ்’ நாடகத்தைப் பெயரைக்கூட மாற்றாமல் வங்காளியில் நடத்திப் புகழ் பெற்றார். இலங்கையில் உள்நாட்டுப் போர் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில், தர்மசிறி பண்டாரநாயக்க ‘திராய் நகரத்துப் பெண்கள்’ நாடகத்தைச் சிங்களத்தில் மேடையேற்றினார். போரில் யார் வென்றாலும் அழுகிறவர்கள் பெண்கள் என்பதைச் சொல்ல அவருக்கு யூரிப்பிடீஸ் துணைக்கு வந்தார்.

தமிழர்களாகிய நாம் என்ன செய்யப் போகிறோம்?

நம்மிடம் ஸாமக்கிரியைகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சேலம், தருமபுரி முதலிய ஜில்லாக்களிலும், தொண்டை மண்டலத்திலும் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவெல்லாம் தெருக்கூத்தும் நடக்கின்றன. கிரேக்க நாடகம் எப்படி நடந்தது? தெய்வத்தின் திருவிழாவில், திறந்த வெளியில், ஆண்களே பெண் வேடமும் பூண்டு, பாடகர் கூட்டம் இடையிடையே பாட, நடந்தது. அவர்களுக்கு முகமூடி, நமக்கு அரிதாரமும் புஜக்கட்டையும் கிரீடமும். அவர்களுக்குக் கோரஸ், நமக்குக் கட்டியக்காரனும் பின்பாட்டுக்காரர்களும். ஏட்டில் படித்த பண்டிதர்கள் கிரேக்கத் திருவிழாவை ஊகித்துத்தான் அறிய வேண்டும். நம் கூத்து வாத்தியாருக்கோ அது தை மாதம் அறுவடை முடிந்ததும் வந்து கூப்பிடும் வேலை.

இன்னும் ஒரு விசேஷம். வியாசரின் பாரதத்தில் அசுவத்தாமன் இன்னார் என்று தெரிந்தே கொல்லுகிறான். நம் தமிழ்நாட்டு வழக்கிலோ, இளம் பஞ்சபாண்டவர்களின் தலைகளைப் பாண்டவர்களின் தலைகள் என்றே எண்ணிக் கொய்து, குற்றுயிராய்க் கிடக்கும் துரியோதனனிடம் கொண்டு வருகிறான். துரியோதனன் பார்த்து, ‘இவை குழந்தைகளின் தலைகள்’ என்று அறிந்து, குலமே அற்றுப்போயிற்றே என்று கதறுகிறான். பகைவர் என்று மயங்கி ஆடுமாடுகளை வெட்டிய அயாக்ஸுக்கும், தந்தையர் என்று மயங்கிப் பிள்ளைகளை வெட்டிய நம் அசுவத்தாமனுக்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள்! ஸோபக்ளீஸைத் தழுவுவதற்கு வடமொழிப் பாரதத்தைவிட நம் கிராமத்துப் பாரதமே அதிகப் பொருத்தம். மூலத்தைவிட இது கொடியதுங்கூட. அயாக்ஸின் வாளுக்கு இரையானவை விலங்குகள்.

படுகளத்தன்று நம் கிராமங்களில் துரியோதனனை மண்ணால் மிகப் பெரிய உருவமாகச் செய்து தரையில் கிடத்துகிறார்கள். திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அத்துடன் முடியவில்லை. பல ஊர்களில் பெண்கள் அந்த மண்ணுருவத்தைச் சுற்றி நின்று ஒப்பாரி வைக்கிறார்கள். யாருக்கு? அம்மனின் சத்துருவுக்கு! பகைவனின் பிணத்துக்கும் மரியாதை உண்டு என்று ஒடிஸியூஸ் ஆதென்ஸ் மேடையில் வாதாடினானே, அந்த வாதத்தை ஒரு வார்த்தை தர்க்கமில்லாமல் நம் தாய்மார்கள் அழுதே நிலைநாட்டிவிடுகிறார்கள்.

ஆகையால் தமிழில் ஒருவர் இந்த நாடகத்தைச் செய்ய முன்வந்தால், ஸ்ரீகண்டையா கிழித்த இடத்தில் கிழிக்காமலே தைக்க வழியிருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அசுவத்தாமனைச் சாகவிட வேண்டாம். அயாக்ஸுக்கு வாள் இருந்தது, அதன் மேல் விழுந்தான், அவமானம் தீர்ந்தது. நம்மவனுக்கு அந்தக் கதவும் அடைத்திருக்கிறது. நெற்றி மணியைப் பறிகொடுத்து, ஆறாத புண்ணோடு, ஐந்து குழந்தைகளின் முகத்தை மறக்க முடியாமல், மூவாயிரம் வருஷம் அலைய வேண்டும் என்பது அவன் சாபம். சாகாவரம் என்று நாம் வாழ்த்துவது அவனுக்குத் தண்டனை. வாளை மார்பில் ஊன்றிக்கொண்டும் உயிர் போகாத ஒரு வீரன் விடியற்காலை வெளிச்சத்தில் கூத்துக் களத்தை விட்டு நடந்து போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸோபக்ளீஸே எழுந்து வந்து பார்த்தால் ஆட்சேபிக்க மாட்டார் என்று நம்புகிறோம்.

இதற்குத் தேவையானவர்கள் இருவர். ஒருவர் கலாசாலையில் கிரேக்க நாடகம் கற்றவர். மற்றொருவர் கிராமத்தில் பாரதம் ஆடுகிறவர். முன்னவருக்கு ஸோபக்ளீஸின் கட்டுக்கோப்புத் தெரியும். பின்னவருக்கு எந்த அடியில் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரியும். இவர்கள் இருவரும் நம் நாட்டில் ஒரே ஜில்லாவில், சில சமயம் ஒரே ஊரில் வசிக்கிறார்கள். ஆனால் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. கூத்தைப் பார்க்கப் படித்தவர் போவதில்லை. போனாலும் நாற்காலி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் இருந்துவிட்டுப் புறப்பட்டு விடுகிறார். ஓர் இரவு முழுவதும் பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும். மறுநாள் காலையில் கூத்து வாத்தியாருக்கு அயாக்ஸின் கதையைச் சொல்லட்டும். வாத்தியார் முழுவதையும் கேட்டுவிட்டு, ‘நம்ம அசுவத்தாமன் கதை மாதிரியே இருக்கிறதே, சாமி!’ என்று சொல்வாரானால், தமிழில் ஒரு நல்ல நாடகம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.